விலைச்சீட்டை விடுங்கள், கட்டையைத் தடவிப் பாருங்கள்

த்ரீ நாட் த்ரீ என்றால் நம்மூரில் தெரியாதவர் இல்லை. போலீஸ்காரர் தோளில் தொங்கிய அதே லீ-என்ஃபீல்டு ரைஃபிள், அமெரிக்கக் கன் ஷோக்களில் மேஜை மேஜையாகக் கிடக்கிறது. அங்கே இருக்கும் நம்மவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கேட்டால், “யானை விலை சொல்றாங்க, நமக்கெதுக்கு?” என்கிறார்கள். யானை விலைதான். அந்த விலை எங்கே பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த ரசனையே. அதற்குக் காசு வேண்டாம், கண் போதும்.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1907இல் மார்க் 3. முதல் உலகப் போரின் அவசரத்தில் சில பாகங்களைக் குறைத்து மார்க் 3 ஸ்டார். இரண்டாம் போரில் நம்பர் 4. எல்லாவற்றுக்கும் பத்துத் தோட்டா மேகசின். மார்க் 3இல் போல்ட்டுக்குக் கீழே வலப்பக்கம் கிரீடம், தொழிற்சாலை, ஆண்டு எல்லாம் பொறித்திருக்கும். நம் வங்காளத்து இஷாப்பூரில் செய்ததென்றால் கிரீடத்தோடு ஜி.ஆர்.ஐ. என்ற அரச முத்திரை; சுதந்திரத்துக்குப் பின் அசோகச் சிங்கங்கள். இவ்வளவு போதும்.

இனி முக்கியமான விஷயம். பழுதுபார்த்த துப்பாக்கி வேறு, பளபளப்பாக்கிய துப்பாக்கி வேறு. இந்த ஒன்று புரியாமல் எத்தனை பேர் ஏமாறுகிறார்கள்! ராணுவமே தொழிற்சாலைக்கு அனுப்பி முழுதாகப் பிரித்துச் சீர்செய்திருந்தால் எஃப்.டி.ஆர். என்று பொறித்து, பெரும்பாலும் ஆண்டும் போட்டிருப்பார்கள். அது அந்தத் துப்பாக்கியின் சொந்தக் கதை. அதற்காக விலையைக் குறைக்கவே கூடாது. வியாபாரி தன் கொட்டகையில் செய்வது வேறு. கட்டையில் உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, “மியூசியம் தரம்” என்று சீட்டு ஒட்டுவான். கண்ணை நம்பாதீர்கள், விரலை ஓட்டுங்கள். தேய்க்காத கட்டையில் மரம் இரும்பைவிட மயிரிழை உயர்ந்து நிற்கும், விரலில் அந்த விளிம்பு தட்டும். தேய்த்த கட்டையில் மரம் இரும்புக்குச் சமமாகவோ கீழாகவோ இறங்கியிருக்கும். பரிசோதகர் குத்திய முத்திரைகள் மங்கியோ காணாமலோ போயிருக்கும். எண்ணெய் ஊறிக் கறுத்து, பள்ளமும் கீறலுமாக இருக்கும் கட்டைக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

எண்களும் அப்படித்தான். ஜாதகப் பொருத்தம் மாதிரி ரிசீவர் எண்ணையும் போல்ட் எண்ணையும் சேர்த்துப் பார்ப்பார்கள். காரணம் உண்டு: போல்ட்டை அந்த ரிசீவரில் சரியாக உட்காரும்படி பொருத்திப் பார்த்துத்தான் எண் அடித்தார்கள். ஆனால் எண் ஒன்றாக இருப்பதோடு நின்றுவிடக் கூடாது. பழைய எண்ணின் குறுக்கே கோடு இழுத்துப் பக்கத்தில் புதிதாக அடித்திருந்தால், பெரும்பாலும் படைக்கலப் பட்டறையின் வேலை. எண் இருக்கும் இடம் மட்டும் லேசாகக் குழிந்து, எழுத்து வேறு அச்சாக, சாயம் புதிதாக இருந்தால் கையைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

சினிமாவும் வீடியோ கேமும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேராக ஜங்கிள் கார்பைனிடம் ஓடுகிறார்கள். நம்பர் 4ஐக் குட்டையாக வெட்டி, முனையில் புனல் மாட்டி அதன் பேரில் விற்கிறார்கள். அசல் ஜங்கிள் கார்பைனான நம்பர் 5இல் போல்ட் பிடியின் குமிழ் குடைந்திருக்கும். எடை குறைக்க ரிசீவரிலும் பேரலின் அடியிலும் உலோகத்தைச் செதுக்கியிருப்பார்கள். வெட்டுப்பட்டதில் பேரலின் அடி முழுத் தடிமனாகவே நிற்கும். “முதலீடு” என்று பேசுகிற நிபுணர்கள் ஒருவரும் கட்டையைக் கழற்றி இதைக் காட்டிப் பார்த்ததில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: சீட்டில் எழுதியிருப்பது ஆசை, ஏலத்தில் விற்று முடிந்த தொகைதான் விலை. அதே தயாரிப்பு, அதே ஆண்டு, அதே நிலையில் சமீபத்தில் விற்ற நாலைந்தைப் பாருங்கள். விற்காமல் கிடப்பதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். இறக்குமதியாளர் முத்திரை சின்னதாக இருந்தால் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். பேரலில் பெரிதாகக் கொத்தியிருந்தால் நன்றாகவே குறையுங்கள். டி.பி. என்று இருந்தால் அது டிரில் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடுவதற்கல்ல. அதையும் “அபூர்வ முத்திரை” என்று கூட்டிச் சொல்வார்கள். பதில் பேசாமல் அடுத்த மேஜைக்குப் போய்விடுங்கள்.