இலிஷா, இறாலா? கொல்கத்தா டெர்பியைத் தாங்கும் சமையலறை

ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடரில் கொல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் 2020-21 பருவம் தொடங்கி 2024-25 வரை 10 முறை மோதின. ஒன்பதில் மோகன் பகான் வென்றது. 2024 பிப்ரவரியில் ஓர் ஆட்டம் மட்டும் 2-2 எனச் சமனில் முடிந்தது. இப்படி ஒரே பக்கம் சாய்ந்துவிட்ட மோதல் ஐந்தாண்டுகளில் சலித்துப்போயிருக்க வேண்டும். கொல்கத்தாவில் சலிக்கவில்லை, இந்த இரண்டு உள்ளூர் அணிகளும் மோதும் டெர்பி என்றால் நகரம் இன்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. காரணம் கேட்டால் வரலாற்றைக் காட்டுவார்கள். ஆனால் பழமை மட்டுமே ஆளைக் கூட்டிவிடாது. சந்தோஷ் கோப்பை 1941 முதல் நடக்கிறது, அதில் மாநிலமும் மாநிலமும் நேருக்கு நேர் மோதுகின்றன, இருந்தும் பெரும்பாலான ஆட்டங்களை யாரும் கவனிப்பதில்லை. இந்த டெர்பிக்கு உயிர் கொடுப்பது களத்துக்கு வெளியே அடுப்படியில் நடக்கும் இன்னொரு போட்டி என்பது என் வாதம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். இதை ஓரத்தில் போடும் துணுக்குச் செய்தியாக நினைத்து ஒதுக்கினால் ஆட்டத்தின் பாதி நமக்குப் புரியாமலே போகும்.

மோகன் பகான் 1889-இல் தொடங்கியது. 1911-இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்ற அணி அது. ஈஸ்ட் பெங்கால் 1920-இல் ஒரு மனக்காயத்திலிருந்து பிறந்தது. மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் கிழக்கு வங்க வீரர் ஒருவரை ஜோராபகான் அணி வெளியே உட்காரவைத்தது. அதைப் பொறுக்காத நிர்வாகி சுரேஷ் சந்திர சௌத்ரி அந்தக் கிளப்பை விட்டு விலகினார், சில நாட்களில் புதுக் கிளப் உருவானது. 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கிலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்தபோது அந்தக் கிளப்பே அவர்களுடைய ஊராகிவிட்டது. பரம்பரையாக மேற்கில் வாழ்பவர்கள் ‘கோட்டி’, கிழக்கிலிருந்து வந்தவர்கள் ‘பாங்கால்’. நிலம் போனாலும் நாக்கின் ருசி போகவில்லை. பத்மா நதியின் இலிஷ், கடுகை அரைத்துப் பச்சை மிளகாய் கீறிப் போட்டு, கடுகெண்ணெய் மிதக்கும் குழம்பாகச் சோற்றோடு வந்தது. நம் மீனவர்கள் உல்லம் என்று சொல்லும் அதே மீன். முள் அதிகம், எண்ணெய் அதைவிட அதிகம். கோட்டி வீடுகளின் பெருமையோ கோல்டா இறால்: தலையில் செம்மஞ்சள் கொழுப்பு திரண்ட நன்னீர் இறாலைத் தேங்காய்ப்பாலில் லேசான இனிப்போடு கொதிக்கவைத்த மலாய் கறி. காரத்துக்கும் இனிப்புக்குமான இந்த வழக்கு கால்பந்துக்கு முன்பே இருந்தது. கால்பந்து அதற்குத் தேதி குறித்துக் கொடுத்தது.

இந்தப் போட்டியில் வட்டாரம் என்பது எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க, அணிப்பட்டியலைப் புரட்டினால் போதும். அங்கே அது இல்லை. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்று இன்றும் போற்றும் முன்கள ஐவர் வெங்கடேஷ், அப்பாராவ், சாலே, அகமது கான், தன்ராஜ். ஐவரும் தென்னாட்டுக்காரர்கள். அகதிகள் தங்கள் இழந்த மண்ணின் அணி என்று கண்ணீரோடு கொண்டாடிய அந்த ஆண்டுகளில், கோல் போட்டவர்களில் பலருக்குப் பத்மா நதி தூரத்து ஊரின் ஆறுதான். எண்பதுகளில் ஈஸ்ட் பெங்காலின் செல்லப்பிள்ளையாக இருந்த ஈரானியர் ஜம்ஷித் நசீரியின் மகன் கியான், 2022 ஜனவரியில் மாற்று வீரராக இறங்கி ஹாட்ரிக் அடித்தது மோகன் பகானுக்காக. 2019 ஜனவரிக்குப் பிறகு ஒரு டெர்பிகூட ஜெயிக்காமல் தவித்த ஈஸ்ட் பெங்காலுக்கு 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் விடிவு தந்த ஒற்றை கோல், சென்னைப் பையன் நந்தகுமார் சேகருடையது. பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வருகிறார்கள், முதலாளிகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். களத்தில் கோட்டியும் இல்லை, பாங்காலும் இல்லை. அந்த இருவரும் தட்டில்தான் இருக்கிறார்கள்.

கிளப் நிர்வாகங்கள் இதை உருவாக்கவில்லை என்பதும் முக்கியம். மோகன் பகானின் சின்னம் பாய்மரப் படகு, ஈஸ்ட் பெங்காலின் சின்னம் தீப்பந்தம். இரண்டிலும் மீன் கிடையாது. மீனை அரங்குக்குக் கொண்டுவந்தது ரசிகர்கள். அட்டையில் வெட்டிய இலிஷும், சில சமயம் நிஜ இலிஷும் இறாலும் அவர்கள் கையில்தான் ஆடும். அதனால் விளம்பரதாரர் மாறினாலும் சடங்கு மாறுவதில்லை. 2020-இல் மோகன் பகானின் பெயருக்கு முன்னால், இணைந்த கிளப்பின் பெயரான ஏ.டி.கே.-யை ஒட்டியபோது ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் போராடி 2023-இல் அதை நீக்கவைத்தார்கள். அந்த ஆண்டுகளிலும் இறாலுக்கு யாரும் புதுப்பெயர் சூட்ட முடியவில்லை. இன்னொரு சான்றும் உண்டு. கொரோனாவால் ஐ.எஸ்.எல்.-லின் முதல் நான்கு டெர்பிகளும் கோவாவில், பூட்டிய அரங்கில் நடந்தன. 1997-இல் பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடித்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,781 பேர் திரண்ட ஊருக்கு, அந்த நான்கு ஆட்டங்களில் ஓர் இருக்கைகூட இல்லை. போட்டி வீட்டுக்குள்ளேயே நடந்தாக வேண்டியிருந்தது. நடக்கவும் செய்தது. அரங்கத்தைப் பார்த்தே இராத பாட்டியும் இதில் ஒரு கட்சி என்பதுதான் அதன் பலம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: கோட்டி வீடுகளில் இலிஷ் சமைப்பதில்லையா, பாங்கால் வீடுகளில் இறால் வேகுவதில்லையா, வெறும் முத்திரை குத்தல்தானே இது? உண்மைதான், இரண்டு வீட்டிலும் இரண்டும் வேகின்றன. திருமணங்களும் கலந்துவிட்டன, ஒரே கூரையின் கீழ் இரண்டு கொடிகள் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் இது என் வாதத்தை உடைப்பதற்குப் பதில் உறுதிப்படுத்துகிறது. எதிரணியின் சின்னம் நமக்கும் பிடித்த சாப்பாடாக இருந்துவிட்டால் அதன்மேல் முழு வெறுப்பு வளர முடியாது. தோற்ற அன்று பக்கத்து வீட்டிலிருந்து கடுகு மணம் வருகிறது. வயிறு எரிகிறது, நாக்கும் ஊறுகிறது. உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் நடித்த ‘ஓரா தாகே ஓதாரே’ 1954-லேயே இப்படி அடுத்தடுத்து வாழும் இரண்டு குடும்பங்களின் பிணக்கையும் பாசத்தையும் படமாக்கிவிட்டது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இலிஷ், இறால் என்று இனிக்க இனிக்கப் பேசுவது அகதிகள் பட்ட அவமானத்தையும் டெர்பி சிந்திய ரத்தத்தையும் மூடி மறைப்பதாகாதா? 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன் அரங்கில் இதே மோதலின்போது நடந்த கலவரத்தில் 16 பேர் இறந்தார்கள். எந்தக் குழம்பும் அவர்களைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருக்கும் என்று சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ‘பாங்கால்’ என்ற சொல் முதலில் ஏளனமாகத்தான் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நான் சொல்வது இவ்வளவுதான்: பகையை எதில் காட்டுவது என்ற கேள்விக்கு இந்த ஊர் கண்டுபிடித்த விடைகளில், யாரையும் காயப்படுத்தாத விடை இது. கல்லெறிவது, பேருந்தைக் கொளுத்துவது எல்லாம் மற்ற ஊர் ரசிகர்களுக்கும் தெரியும். சந்தையில் போய் எதிராளியின் முகத்துக்கு முன்னால் ஒரு மீனை விலை பேசுவது கொல்கத்தாவின் சொந்தச் சாதனை. 2024 ஆகஸ்ட் 18 டெர்பி பாதுகாப்புக் காரணத்தால் ரத்தானது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட மருத்துவருக்கு நீதி கேட்டு, இரண்டு கிளப் ரசிகர்களும் அன்று சால்ட் லேக் அரங்குக்கு வெளியே ஒன்றாக நின்றார்கள். ஒருவர் சமையலை இன்னொருவர் நூறாண்டுகளாகக் கேலி செய்தும் ருசித்தும் வந்த உறவு இல்லாமல் அப்படித் தோளோடு தோள் நிற்பது அவ்வளவு எளிதில் வந்திருக்காது.

கவலை வேறொரு இடத்தில் இருக்கிறது. கோல்டாவையும் பாக்தா எனும் இன்னொரு வகை இறாலையும் குளத்தில் வளர்க்கலாம், வங்கத்தில் வளர்க்கவும் செய்கிறார்கள். இலிஷை அப்படி வணிக அளவில் வளர்க்க இன்னும் வழி கிடைக்கவில்லை. அது கடலிலிருந்து ஆற்றேறி வந்து முட்டையிடும் மீன். ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று மோகன் பகானை நொறுக்கிய அதே 1975-இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா அணை, கங்கையில் அதன் பாதையை அடைத்தது. 2012 முதல் வங்கதேசமும் இலிஷ் ஏற்றுமதியைத் தடுத்து, துர்கா பூஜையை ஒட்டி மட்டும் அளந்து அனுப்புகிறது. பெரிய இலிஷின் விலை சாதாரண ரசிகனின் கைக்கு எட்டாமல் போக, அவன் கை ‘கோகா இலிஷ்’ எனும் குஞ்சு மீன் பக்கம் நீளுகிறது. 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிக்க மேற்கு வங்கத்தில் தடை இருந்தும் அது சந்தைக்கு வந்துகொண்டேயிருக்கிறது. இந்தப் போட்டியில் ஒரு தரப்பு கோல் வாங்காமலே தோற்றுக்கொண்டிருக்கிறது. ஐ.எஸ்.எல். களத்தில் 2024-25 வரையிலான 9-0 என்ற வெற்றிக் கணக்கை ஒரு நல்ல முன்கள வீரரும் ஒரு நிதானமான நடுக்களமும் வந்தால் திருத்திவிடலாம். ஆற்றின் கணக்கைத் திருத்த ரசிகர் மன்றங்களே முன்வர வேண்டும். அடுத்த டெர்பி வெற்றிக்குக் குஞ்சு இலிஷ் வாங்க மாட்டோம் என்று ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அறிவித்தால், மோகன் பகான்காரர்களும் அதே உறுதியை எடுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். இலிஷ் அவர்களுக்கும் வேண்டுமே.