எலிப் பூங்கா சொல்லாத பாதி

போதை ஒழிப்புக் கூட்டங்களில் ஓர் எலிக் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். எங்கள் திண்டுக்கல்லில் மாணவர்களுக்காக நடந்த கூட்டமொன்றில் நானும் கேட்டேன். தனிக் கூண்டில் இருந்த எலி மார்ஃபின் கலந்த நீரை நிறையக் குடித்தது. துணையும் விளையாட இடமும் பெற்ற எலி அதை அவ்வளவாக நாடவில்லை. ஆகவே நல்ல சூழல் இருந்தால் போதை அண்டாது என்று பேச்சாளர் முடித்தார். பலத்த கைதட்டல்!

கதை பொய்யன்று. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்சாண்டர் குழுவினர் 1970-களின் பிற்பகுதியில் செய்த பரிசோதனை அது. ஆனால் கம்பியின் நீளத்தையும் வெப்பநிலையையும் ஒருசேர மாற்றிவிட்டு, மின்தடை மாறியதற்கு நீளமே காரணம் என்று எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. எலிப் பூங்காவில் இடம், துணை, விளையாட்டுப் பொருள் அனைத்தும் ஒருங்கே மாறின. எது வேலை செய்தது? 1996-இல் வேறோர் ஆய்வாளர் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவும் இல்லை.

கூட்டங்களில் பேசப்படாத பரிசோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் மார்க்கோ வென்னிரோ, யாவின் ஷாஹம் குழுவினர் 2018-இல் வெளியிட்டது. ஒரு நெம்புகோலை அழுத்தினால் போதை மருந்து; மற்றொன்றை அழுத்தினால் கதவு திறக்கும், தோழன் இருப்பான். மருந்துக்குப் பழகிய எலிகளும் பெரும்பாலும் கதவையே தேர்ந்தன. இப்படித் தாமாக மெத்தாம்பெட்டமினை விட்டவற்றுக்குப் பின்னர் வேட்கை வளரவில்லை. வலிந்து நிறுத்தப்பட்டவற்றுக்கோ நாளாக நாளாக ஏறியது. இனிதான் முக்கியம்: கதவு திறக்கத் தாமதமானாலோ, அதைத் தேர்ந்ததற்கு மின்னதிர்ச்சி கிடைத்தாலோ, எலிகள் மறுபடி மருந்தை நாடின.

குடியை விட்டவருக்கு நாம் சொல்லும் பரிசுகள் யாவை? உடல் தேறும், குடும்பம் உயரும். எல்லாம் மாதக்கணக்கில் தள்ளி நிற்பவை. மதுக்கடையின் பரிசோ சில நிமிடங்களில் வருகிறது. சிகிச்சை முடிந்து திரும்பிய பூட்டுப் பட்டறைத் தொழிலாளி ஒருவர் சனிக்கிழமைக் கூலியுடன் வீடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே "இன்றைக்கும் குடித்தாயா?" என்ற கேள்வி. அதுவும் மின்னதிர்ச்சிதானே!

வெர்மான்டில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990-களின் தொடக்கத்தில் கொகெய்ன் அடிமைகளுக்குச் செய்தது இதற்கு மாறானது. சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இல்லையெனில் பொருள்களாக மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டு. தொடர்ந்து விலகியிருந்தால் மதிப்பு ஏறும். நல்லவனாக இருக்க லஞ்சமா என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதச் சம்பளக்காரர்களான நமக்கு அதைக் கேட்கும் தகுதியும் குறைவு. சீட்டு நின்றதும் பலரிடம் பயன் தேய்கிறது என்பதே சரியான ஆட்சேபம். அங்கேதான் ஊர் வேண்டும். சென்னை டி.டி.கே. மருத்துவமனை 1989 முதல் மஞ்சக்குடிக் கிராமத்தில் சிகிச்சை முகாம்கள் நடத்தியிருக்கிறது. நோயாளி எந்த ஊருக்குத் திரும்ப வேண்டுமோ அந்த ஊருக்கு அருகிலேயே சிகிச்சை.

கூட்டம் முடிந்ததும் பேச்சாளரிடம் கேட்டேன்: சிகிச்சை பெற்றவர் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கே போவார்? அடுத்த கூட்டத்தில் அதையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.