கிளிக்கல் அம்மையாரின் பறவைக் கதை

பிள்ளைகளுக்குப் பொருள் தேடி வைப்பதினும் அரிது, பிறர் துயர் கண்டு இரங்கும் நெஞ்சை அவர்களுக்கு அளிப்பது. அதனை அளிக்கும் வழியை மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்து எழுதி வைத்த தாய் ஒருவர் உண்டு. ஜெர்மனி நாட்டு ஹம்பர்க் நகரில் பிறந்த யூத குல வணிகப் பெண்மணியாகிய கிளிக்கல் அம்மையாரே அவர். அவர் தம் மக்களுக்கென எழுதிய வாழ்க்கை வரலாறு, தாய்மை பற்றிய நூல்களுள் தனியிடம் பெறத்தக்கது.

நூல் பிறந்த வகை

1646ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த அம்மையார், இளமையிலேயே ஹாமெல்ன் ஊரினரான ஹாயிம் என்பாரை மணந்தார். 14 மக்களைப் பெற்று, அவருள் 12 பேரை வளர்த்து ஆளாக்கினார். 1689இல் கணவர் மறைந்தபோது குடும்பச் சுமையோடு வாணிகச் சுமையும் அவர் தோள்மேல் விழுந்தது. உறக்கம் வராத இரவுகளில் துயரை ஆற்றும் பொருட்டு, 1691இல், தம் வீட்டு மொழியாகிய இத்திஷில் எழுதத் தொடங்கினார். ஏழு பகுதிகள் கொண்ட அந்நூல் 1719 வரை வளர்ந்தது. மகன் ஒருவர் எடுத்து வைத்த படி காக்கப்பட்டு, 1896இல் அச்சேறியது.

தாம் எழுதுவது அறநூல் அன்று என்று அம்மையார் முன்னரே கூறிவிடுகிறார். ஆயினும் நூலின் முதற் பகுதியில் அவர் சொல்லும் பறவைக் கதை ஒன்றே அறநூல் பலவற்றுக்கு நிகராகும்.

கதையும் கருத்தும்

தந்தைப் பறவை ஒன்று தன் மூன்று குஞ்சுகளைக் கடல் கடத்த முயல்கிறது. காற்று வலிதாகையால் ஒவ்வொன்றாகவே கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. நடுக்கடலில் அது குஞ்சைக் கேட்கிறது: உனக்காக உயிரைப் பணயம் வைக்கிறேனே, எனக்கு முதுமை வந்தால் நீ என்னைக் காப்பாயா? முதற்குஞ்சு, கேட்டதெல்லாம் செய்வதாக உறுதி கூறுகிறது. தந்தை அதனைப் பொய் என்று கடலில் விடுகிறது. இரண்டாவதற்கும் அதே முடிவு. மூன்றாவதோ, இயன்றால் கைம்மாறு செய்வதே முறை என்றாலும் அதற்கு உறுதி கூற இயலாது என்கிறது. ஆனால் தனக்குக் குஞ்சுகள் பிறக்கும்போது, தந்தை தனக்குச் செய்ததை அவற்றுக்குச் செய்வதாக உறுதி கூறுகிறது. அது கரை சேர்கிறது.

இரு குஞ்சுகளைக் கடலுக்கு இரையாக்கும் தந்தையை நல்ல தந்தை என்பார் யார்? கதையின் கொடுமை மறுக்கத்தக்கதன்று. நன்றி மறத்தலுக்கு இது துணைபோகிறது என்றும் சிலர் குறை கூறலாம். அது பொருந்தாது. மூன்றாம் குஞ்சு நன்றியை மறுக்கவில்லை. அச்சத்தால் இனிய சொல் கூற மறுத்தது. பெற்றோர் மகிழ்வதற்காகப் பிள்ளை பொய் சொல்லப் பழகுமாயின் அவ்வளர்ப்பு பழுதுபட்டது என்பதே கதையின் முதற்கருத்து. பெற்ற அன்பு பின்வருவோர்க்குச் செல்ல வேண்டும் என்பது இரண்டாவது.

சொல்லும் செயலும்

கதை கூறுவது எளிது. வாழ்ந்து காட்டுவதே பிள்ளைகளுக்குப் பாடம். போலந்து, லித்துவேனியா நாடுகளின் போர்களுக்குத் தப்பி ஓடிவந்த யூத அகதிகள் ஹம்பர்க்கை அடைந்தபோது, அவருள் நோயுற்ற பத்துப் பேர் வரை அம்மையாருடைய தந்தையின் வீட்டு மாடியில் இடம் பெற்றனர். பாட்டி நாள்தோறும் பலமுறை மாடியேறிச் சென்று அவர்களைப் பேணினார். பிறர் தடுத்தும் கேளாத அவர், அந்நோயே தொற்றி இறந்தார். அக்குடும்பமும் 1649இல் ஹம்பர்க்கிலிருந்து விரட்டப்பட்டு அல்டோனாவில் தங்கியிருந்த குடும்பமே. வெளியேற்றப்படுவதன் துயரை அறிந்தோர் வந்தவர்க்குக் கதவு திறந்தனர். சிறுமியாக அதனைக் கண்டவர், தாயானபின் தம் மக்களுக்கு எழுதி வைத்தார்.

வாணிகத்தில் யூதரிடமும் யூதரல்லாதாரிடமும் ஒரே நேர்மையுடன் ஒழுகுமாறும் அவர் மக்களை வற்புறுத்துகிறார். பாராட்டத்தக்க பகுதி இது.

குறைகளும் உள. பிள்ளைகளின் திருமணப் பேச்சும் சீர்வரிசைக் கணக்கும் பல பக்கங்களை விழுங்குகின்றன. செல்வர் வீட்டுச் சம்பந்தத்தை அவர் பெருமையுடன் விரிக்கிறார். அயல் சமயத்தார் பெரும்பாலும் வாணிகத் தொடர்பினராகவோ அச்சம் தருவோராகவோதான் வருகின்றனர். குடியுரிமையற்று, ஆள்வோர் நினைத்தால் ஊரைவிட்டு நீங்க வேண்டிய மக்களிடையே வாழ்ந்தவர் என்பதை எண்ணினால் இக்குறையின் காரணம் விளங்கும், குறை நீங்கிவிடாது.

கதைக்கு வாழ்க்கை அளித்த விடை

பிள்ளைகளுக்குச் சுமையாகலாகாது என்பது அம்மையாரின் ஓயாத கவலை. அதனாலேயே 1700இல் மெட்ஸ் நகரச் செல்வர் ஒருவரை மறுமணம் செய்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் பொருளிழந்து நொடித்தார். 1712இல் இறந்தும் போனார். தயங்கித் தயங்கி, 1715இல் அம்மையார் மகள் எஸ்தரின் வீட்டை அடைந்தார். அங்கே மகளும் மருமகனும் தம்மை அன்போடும் மதிப்போடும் நடத்தியதை அவரே எழுதுகிறார். கேட்டுப் பெறலாகாது என்று கதை விலக்கிய உதவி, கேளாமலே வந்தது. நூலின் தொடக்கத்தையும் முடிவையும் இணைத்துப் படிப்போர்க்கே இதன் அழகு புலப்படும். 1724இல் அம்மையார் மெட்ஸிலேயே மறைந்தார்.

அவர் விதைத்தது குடும்பத்தோடு நின்றுவிடவில்லை. இந்நூலை 1910இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர், அவருடைய உறவு வழியினரான பெர்த்தா பாப்பன்ஹைம். 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவி, 1907இல் நியூ இசன்பர்க்கில் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லம் அமைத்தவர் அவர். மணமாகாத, மகப்பேறில்லாத அப்பெண்மணி, பிறர் ஒதுக்கிய பிள்ளைகளுக்குத் தாயானார்.

பெற்றோர்பால் பட்ட கடனை யாருக்குத் திருப்பித் தருவது என்ற வினாவுக்கு மூன்றாம் குஞ்சு சொன்ன விடை, தன் குஞ்சுகளுக்கு என்பது. எவர் குஞ்சாயினும் என்று அவ்விடையை விரித்துக் கொண்டது பிந்திய தலைமுறை. சமுதாய உணர்வுள்ள மக்களை வளர்ப்பது என்பதன் பொருளும் அதுவே.