ஏழு கிணறும் நாற்பது நிமிடமும்

திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுரம் போகும் வீதியில் சில கிலோமீற்றர் தள்ளி, கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அருகருகே இருக்கின்றன. ஏழிலும் சூடு ஒன்றல்ல. ஒன்றில் வெறும் வெதுவெதுப்பு. இன்னொன்றில் வாளியைத் தலையில் ஊற்றத் தயங்கவைக்கும் சூடு. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலேயே அங்கே குளித்தவர்கள். அவர்களே பின்னர் விஞ்ஞானப் பாடத்தில் வெப்பநிலையின் வரைவிலக்கணத்தை ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதி, பாடமாக்கி, பரீட்சையில் ஒப்புவிக்கிறார்கள். உடம்பில் பட்ட அறிவும் கொப்பியில் ஏறிய அறிவும் சந்திப்பதே இல்லை.

இதை மாற்ற இலங்கை முயலாமல் இல்லை. 1998இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டையும் செயற்பாட்டையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது. 2007இல் தேர்ச்சிமையக் கலைத்திட்டம் தரம் 6இலும் 10இலும் அறிமுகமானபோது, ஆசிரியர் வழிகாட்டிகள் ‘ஐந்து ஈ’ முறையைச் சுற்றி அமைந்தன. பிள்ளை முதலில் தேடட்டும், விளக்கம் பிறகு வரட்டும் என்பதே அதன் உயிர்.

அந்த உயிர் எவ்வளவு பெறுமதியானது என்பதை ஒரு வெப்பமானியே காட்டிவிடும். கன்னியாவில் குழுவுக்கொரு வெப்பமானி கொடுத்து, எந்தக் கிணறு அதிகம் சூடு என்று முதலில் ஊகித்து எழுதச் சொல்லி, பிறகு அளக்கச் சொன்னால், ஒரே கிணற்றுக்கு இரண்டு குழுக்கள் இரண்டு விடை கொண்டுவரும். ஏன்? ஒரு குழு குமிழை நீருக்குள் வைத்தபடியே வாசித்திருக்கும். மற்றது வெளியே எடுத்து, வெயிலில் திருப்பிப் பார்த்து வாசித்திருக்கும். அதற்குள் இரசம் இறங்கிவிடுகிறது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியில் இரசம் உடனே இறங்காமலிருக்க ஒரு குறுகிய வளைவு வைத்திருப்பதும், ஆய்வுகூட வெப்பமானியில் அது இல்லாததும் வினாத்தாளில் வழமையாக வரும் வேறுபாடு. பாடமாக்கிய பிள்ளை அதை ஒரு மாதத்தில் மறக்கும். தன் குழுவின் விடை பிழைத்ததால் தெரிந்துகொண்ட பிள்ளை மறக்காது.

உலக அனுபவமும் இதற்குத் துணை நிற்கிறது. 2014இல் ஆய்வாளர் ஸ்கொட் ஃப்ரீமனும் சகாக்களும் பல்கலைக்கழக விஞ்ஞான, கணித, பொறியியல் வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சித்தியடையாதோர் 33.8 சதவீதம், மாணவர் பங்கெடுத்த வகுப்புகளில் 21.8. பல்கலைக்கழக எண்களை அப்படியே ஆறாம் தரத்துக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் அந்த இடைவெளியைத் தட்டிக்கழிக்கவும் முடியாது.

இனி மறுபக்கம். அந்தக் கிணற்று நீர் ஏன் சுடுகிறது? எத்தனை வெப்பமானி கொடுத்தாலும் பிள்ளைகள் இதைத் தாங்களாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை. இந்தக் கிணறுகளைப் பற்றிய இராவணன் கதையை அவர்கள் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். இலங்கையில் எரிமலை இல்லை என்பதையும், மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி மேலெழுகிறது என்பதையும் ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். பலகையில் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து நல்ல ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்த ஐந்து நிமிடத்தைப் பழைய முறை என்று இகழ்வது அநியாயம். அடிப்படை தெரியாத மாணவரை வழிகாட்டலின்றித் தேடவிட்டால் அவர் தடுமாறவே செய்வார் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் வாதிட்டார்கள். அவர்கள் மறுத்தது வழிகாட்டலற்ற தேடலையே.

செயற்பாட்டு வகுப்புக்கு இன்னொரு குறையும் உண்டு. அது உள்ளேயே ஒளிந்திருக்கும். குழு வேலை என்றதும் ஒரு டிமைத் தாள் விரிகிறது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மார்க்கரைப் பிடிக்கிறது, அழகாக எழுதுகிறது, அதுவே எழுந்து சமர்ப்பிக்கிறது. மற்ற ஐந்து பேரும் தாளின் மூலையைப் பிடித்தபடி நிற்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வகுப்பு கலகலப்பாக இருக்கும். அந்த ஐந்து பேருக்கோ அது ஆசிரியருக்குப் பதிலாகச் சக மாணவர் நடத்திய விரிவுரைதான்.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே மாநிலமெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய முயற்சி அது. பாட அட்டைகளும் கற்றல் ஏணிப்படிகளும் பிள்ளையை அதன் வேகத்திலேயே நடக்கவிட்டன. தரையில் அமர்ந்த ஆசிரியரிடம் இருந்த பயம் குறைந்தது. ஆனால் அட்டை எடுத்துக் கொடுப்பதும் பதிவேடு நிரப்புவதுமே வேலையாகிப்போன இடங்களில் விளக்குபவர் இல்லாமல் போனார்.

திருகோணமலையில் செயற்பாடு, விளக்கம் என்ற இரண்டு முறையையும் நெருக்குவது பரீட்சை. நான்காம் தரம் வந்ததுமே புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள் குவிகின்றன, ரியூசன் தொடங்குகிறது, வெட்டுப்புள்ளியே வீட்டுப் பேச்சாகிறது. நீண்டகாலம் நாற்பது நிமிடமாக இருந்துவந்த பாடவேளையில் விவாதம் நடத்தும் ஆசிரியரைப் பெற்றோரே ‘சிலபஸ் முடிக்காதவர்’ என்கிறார்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் வாடைக்காற்றையும் சோளகத்தையும் வைத்துக் கடலுக்குப் போகும் நாளைத் தீர்மானிக்கும் வீட்டுப் பிள்ளை, பருவக்காற்றுப் பாடத்தில் வாய் திறவாமல் மாதங்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறது. இந்த இழப்புக்கு வறுமையும் காரணமில்லை, உபகரணப் பற்றாக்குறையும் காரணமில்லை. அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கச் செலவே இல்லை.

முதலில் ஊகிக்கவும் அளக்கவும் வாதாடவும் பிள்ளைக்கு இடம் கொடுத்து, பிறகு காரணத்தை ஆசிரியர் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒழுங்கு தலைகீழானால் எந்த முறையும் பயன் தராது. வலயக் கல்வி அலுவலகங்களிலிருந்து வகுப்புப் பார்க்க வருவோருக்கு ஒரு வேண்டுகோள்: சுவரில் எத்தனை டிமை தொங்குகிறது என்று எண்ண வேண்டாம். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையின் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள். அதில் அந்தப் பிள்ளை சொந்தமாக எழுதிய ஒரு வசனமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.