பொறாமையும் பொய்ச்சாட்சியும்: ‘அசுந்தா ஸ்பினா’ மௌனப்படத்தில் உழைக்கும் பெண்ணின் சொல்

முன்னுரை

1915இல் வெளிவந்த இத்தாலிய மௌனப்படமான ‘அசுந்தா ஸ்பினா’, இரண்டாம் உலகப்போரின் இறுதியில் தோன்றிய நவயதார்த்தவாதத் திரைப்படங்களின் முன்னோடியாகத் திரைவரலாற்றாசிரியர்களால் சுட்டப்படுகிறது. நேப்பிள்ஸ் நகரின் உண்மையான தெருக்களிலும் கடற்கரையிலும் படமாக்கப்பட்டமையும், உழைக்கும் மக்களைக் கதைமாந்தராக்கியமையும் இம்மதிப்பீட்டிற்குக் காரணங்களாகும். எனினும், ‘முன்னோடி’ என்னும் அடையாளம் படத்தைப் பின்வந்தவற்றின் முன்னுரையாக மட்டும் நிறுத்திவிடுகிறது. சலவைத் தொழில் செய்யும் ஒரு பெண்ணின் சொல் எப்போது ஏற்கப்படுகிறது என்னும் வினாவே இப்படத்தின் மையம். அசுந்தா இருமுறை கூறும் பொய்களை ஒப்பிட்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

நாடகத்திலிருந்து திரைக்கு

நேப்பிள்ஸ் கவிஞர் சால்வத்தோரே தி ஜாக்கோமோ (1860–1934) தம் சிறுகதையை 1909இல் நாடகமாக்கினார். அந்நாடகமே படத்தின் மூலம். நாடகம் நீதிமன்றத்தில் தொடங்குகிறது. அசுந்தாவின் முகம் கத்தியால் கீறப்பட்ட நிகழ்ச்சி அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. படமோ முந்தைய நிகழ்ச்சிகளைக் காலவரிசைப்படி காட்டுகிறது. அசுந்தாவை விரும்பிய ரஃபாயேலே, அவளை மணக்கவிருக்கும் இறைச்சிக்கடைக்காரன் மிக்கேலேவுக்குப் பெயரில்லாக் கடிதம் அனுப்புகிறான். பொசிலிப்போவில் நடைபெறும் விருந்தில், மிக்கேலேயின் சினத்தைக் கண்டு வீம்புகொண்ட அசுந்தா ரஃபாயேலேவுடன் நடனமாடுகிறாள். பொறாமை மீதூர்ந்த மிக்கேலே அவள் முகத்தைக் கீறுகிறான்.

இம்மாற்றம் கதையை விரிப்பதற்காக மட்டும் செய்யப்பட்டதன்று. நாடகப் பார்வையாளர் பிறர் கூற்றின்வழி அறிவதைத் திரைப்பார்வையாளர் கண்ணால் காண்கிறார். ஆதலால், அசுந்தா சாட்சிக்கூண்டில் நிற்கும்போது அவள் கூறுவது பொய் என்பதைப் பார்வையாளர் முன்னரே அறிவார்.

முதற்பொய்யும் அதன் விலையும்

தன்னைக் காயப்படுத்தியவனைக் காக்கும்பொருட்டு அசுந்தா உண்மையை மறைக்கிறாள். நீதிமன்றம் அதனை ஏற்காமல் மிக்கேலேவைச் சிறைக்கு அனுப்புகிறது. குற்றம் உண்மை என்பதால் தீர்ப்பைப் பிழையெனக் கூற இயலாது. ஆனால் தீர்ப்புக்குப் பின் நிகழ்வது சட்டத்தின் மறுமுகத்தைக் காட்டுகிறது. மிக்கேலேவை அவெல்லினோ சிறைக்கு அனுப்பாமல் நேப்பிள்ஸிலேயே வைத்திருக்க உதவுவதாக ஃபெதெரிகோ என்னும் நீதிமன்ற அலுவலர் முன்வருகிறார். அவர் கேட்கும் விலை அசுந்தாவின் உடல். மிக்கேலேயின் பொறாமை அவளைத் தன் உடைமையாகக் கருதியது. ஃபெதெரிகோவின் அதிகாரம் அவளைப் பேரப்பொருளாக்குகிறது. முன்னது கத்தியால் செய்ததைப் பின்னது சலுகையால் செய்கிறது.

அசுந்தாவைத் தூய பலிப்பொருளாகப் படம் காட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கட்டாயத்தில் தொடங்கிய உறவில் அவள் உண்மையாகவே காதல்கொள்கிறாள். ஃபெதெரிகோ விலகத் தொடங்கும்போது துயருறுகிறாள். இச்சிக்கல் அவளை அறப்போதனைக் கதைகளின் தலைவியரிடமிருந்து வேறுபடுத்துகிறது.

உடல்மொழி

அசுந்தாவாக நடித்த பிரான்செஸ்கா பெர்த்தினி அக்கால இத்தாலியத் திரையின் ‘தீவா’ எனப் போற்றப்பட்ட முன்னணி நடிகையருள் ஒருவர். தீவா படங்களில் செல்வர் மாளிகைகளும் ஆடை அலங்காரங்களும் மிகுதி. இப்படத்தில் அவற்றின் இடத்தை ஒரு சால்வை பெறுகிறது. போர்த்தல், இழுத்து மூடுதல், நழுவவிடுதல் ஆகியவற்றின்வழி அச்சமும் நாணமும் வீம்பும் மெய்ப்பாடுகளாக வெளிப்படுகின்றன. படத்தின் இயக்குநராக மிக்கேலேவாக நடித்த குஸ்தாவோ செரேனாவின் பெயர் வழங்கிவருகிறது. இயக்கத்தில் தமக்கே பெரும்பங்கு உண்டு எனப் பெர்த்தினி பிற்காலத்தில் உரிமை கோரினார். ஒரு பெண்ணின் சொல் ஏற்கப்படுமா என்னும் வினா படத்திற்கு வெளியேயும் தொடர்ந்தது எனலாம்.

இரண்டாம் பொய்

தண்டனைக்காலம் முடியும் முன்னரே விடுதலையான மிக்கேலே, அசுந்தாவின் வாயால் உண்மையை அறிந்து ஃபெதெரிகோவைக் கொல்கிறான். காவலர் வரும்போது கொலைப்பழியை அசுந்தா ஏற்றுக்கொள்கிறாள்; அவர்கள் அவளை அழைத்துச் செல்கின்றனர். இரு பொய்களுக்கும் நோக்கம் ஒன்றே: மிக்கேலேவைக் காத்தல். முதற்பொய் பயனற்றுப்போகிறது, இரண்டாவது உடனே பலிக்கிறது. அவற்றுக்கு இடையில் அவள் கூறிய ஒரே உண்மையோ கொலையில் முடிகிறது.

கைது தீர்ப்பாகாது, ஆதலால் இவ்வொப்பீடு பொருந்தாது என மறுக்கலாம். ஆயினும் படம் மற்றொரு விசாரணைக்கு இடமளிக்காமல் அங்கேயே முடிகிறது. பார்வையாளருக்கு எஞ்சும் இறுதிச்சொல் அவளது பொய்யே.

முடிவுரை

ஒருவனைப் பழியிலிருந்து விடுவிக்க அசுந்தா பேசியபோது ஏற்கப்படாத சொல், தன்னையே குற்றவாளியாக்கிப் பேசும்போது ஏற்கப்படுகிறது. காதலும் பொறாமையும் தனிமனித உணர்ச்சிகளாகத் தோன்றினாலும், அவற்றின் விளைவுகளை நீதிமன்றமும் சிறையும் அலுவலரின் அதிகாரமும் வடிவமைக்கின்றன என்பதைப் படம் நிறுவுகிறது. ‘அசுந்தா ஸ்பினா’வின் யதார்த்தத்தை நேப்பிள்ஸின் தெருக்களில் மட்டும் தேடுதல் போதாது, அத்தெருக்களில் வாழும் ஒரு பெண்ணின் சொல்லுக்கு இருந்த மதிப்பிலும் அது தேடப்பட வேண்டும்.