யாத்திரை மூட்டை

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சென்ற மாதம் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். "மாமா, வருகிற வசந்த காலத்தில் ஆறு மாதம் விடுப்புப் போட்டுவிட்டு அப்பலாச்சியன் பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கப் போகிறேன். என்னென்ன எடுத்துப் போகிறேன் என்று எழுதியிருக்கிறேன். ஏதாவது விட்டுப் போயிருந்தால் நீங்கள் சொல்ல வேண்டும்" என்று கேட்டிருந்தான். பட்டியலில் நாற்பத்தேழு சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் எடையைக் கிராம் கணக்கில் குறித்திருந்தான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டிச் சில கிராம் மிச்சம் பிடித்திருப்பதாகவும் ஒரு குறிப்பு. கூடவே, அந்த மாதிரி நடையைப் பற்றிப் பேர்போன இரண்டு புத்தகங்களையும் அனுப்பி, "படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தான்.

மாதனூரில் உட்கார்ந்துகொண்டு இதற்கு என்ன அபிப்பிராயம் சொல்வது? எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையின் மேலேயே இருக்கிறது. பக்கத்தில் பாலாறு, பாலும் இல்லை, வருஷத்தில் பெரும்பகுதி நீரும் இல்லை. விடிந்தால் ஜோடு தொழிற்சாலைகளின் பஸ்கள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. இந்த வட்டாரத்தில் தைக்கிற ஜோடுகள் கடல் கடந்து போய் யார் யார் காலிலோ ஏறுகின்றன. புரட்டாசி பிறந்தால் இதே சாலையோரம் மஞ்சள் துணி உடுத்தியவர்கள் வெறுங்காலோடு திருப்பதிக்குப் போகிறார்கள். ஜோடு தைக்கிற சீமையில் வெறுங்காலோடு நடப்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆகையால் நடையைப் பற்றி எனக்கும் அபிப்பிராயம் உண்டு என்ற தைரியத்தில் புத்தகங்களைப் படிக்கலானேன்.

அப்பலாச்சியன் பாதை என்பது அமெரிக்காவின் கிழக்கு மலைத் தொடரில் பதினான்கு மாகாணங்களைக் கடந்து செல்லும் காட்டுப் பாதை. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். அதை ஒரே மூச்சில் நடந்து முடித்ததாக முதன்முதலில் அறிவித்தவர் ஏர்ல் ஷாஃபர் என்ற இளைஞர். உலகப் போரிலே உயிர் நண்பனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர், 1948-ல் நடந்தார். துக்கத்தை நடந்து தீர்க்க முயன்றார் என்று நமக்குப் புரிகிறது. இன்று ஆயிரக்கணக்கானவர்கள் வருஷந்தோறும் புறப்படுகிறார்கள். புறப்படுகிறவர்களில் சிறு பகுதியினரே முடிக்கிறார்கள்.

பில் பிரைசன் 1998-ல் வெளியிட்ட 'எ வாக் இன் தி வுட்ஸ்' அந்தப் பாதையைப் பற்றியது. ஹாஸ்யப் புத்தகம், சிரிக்காமல் படிக்க முடியாது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அவர் காட்டுக்குள் கால் வைப்பதற்கு முந்திய பகுதிதான். கடைக்குப் போகிறார், மூட்டை வாங்குகிறார், மூட்டைக்கு மழைச் சட்டை தனியாக வாங்க வேண்டும் என்று கடைக்காரன் சொல்லக் கேட்டுத் திகைக்கிறார். ராத்திரியெல்லாம் கரடிகளைப் பற்றிப் படித்துப் படித்துப் பயப்படுகிறார். கூட வந்த நண்பரோ, முதல் நாளே சுமை தாங்காமல் சாப்பாட்டுச் சாமான்களை வழியில் எறிந்துவிட்டு வந்து நிற்கிறார். கடைசியில் இருவரும் பாதையை முடிக்கவில்லை, பாதிகூட நடக்கவில்லை. அதை ஆசிரியர் மறைக்காமல் கணக்குப் போட்டே சொல்லிவிடுகிறார். இந்த நேர்மை சாதாரணமல்ல. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்று செரில் ஸ்ட்ரெய்ட் எழுதிய 'வைல்ட்', 2012-ல் வந்தது. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, கலியாண வாழ்வையும் குலைத்துக்கொண்ட இருபத்தாறு வயதுப் பெண், 1995-ல் மேற்குக் கரையிலுள்ள பசிபிக் மலைப் பாதையில் தன்னந்தனியாக 1,100 மைல் நடந்த கதை. அவள் மூட்டை அவளால் தூக்கவே முடியாத கனம். அதற்குப் பூதம் என்று பெயரே வைத்துவிடுகிறாள். ஜோடு ஒரு அளவு சிறியது. கால் விரல் நகங்கள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. ஒரு ஜோடு மலைச் சரிவில் விழுந்துவிட, கோபத்தில் மற்றதையும் வீசி எறிகிறாள். இந்தக் காட்சியோடுதான் புத்தகமே ஆரம்பமாகிறது. சோகத்தைச் சுமக்கிறவள் மூட்டையையும் அதிகமாகத்தான் கட்டுவாள் என்பதை ஆசிரியை எங்குமே விளக்கிச் சொல்லவில்லை, நாமே உணர்கிறோம். நல்ல எழுத்துக்கு அது லட்சணம். எனக்கு ஒரு குறை உண்டு. ஜோட்டைப் பற்றி இத்தனை பேசுகிற புத்தகத்தில், அதைத் தைத்த கை ஒன்று உலகத்தில் எங்கோ இருக்கிறது என்ற நினைப்பு ஒரு வரியிலும் இல்லை. மாதனூர்க்காரனுக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

படித்து முடித்தபின் எனக்கு ஒன்று தோன்றியது. நடைப் புத்தகத்தை எடைபோட வேண்டுமானால் அதன் மலை வர்ணனையைப் பார்க்க வேண்டாம். புறப்படுமுன் எதற்குப் பயந்தார்கள் என்று பார்த்தால் போதும். மூட்டையில் இருப்பதெல்லாம் பயம்தானே? மழைக்குப் பயந்து குடை, நோவுக்குப் பயந்து மாத்திரை. பிரைசன் கரடிக்குப் பயந்தார். ஸ்ட்ரெய்ட் தனக்கே பயந்தாள்.

நம்முடைய பழைய நடையில் எதற்குப் பயந்தார்கள்? சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கோவலனும் கண்ணகியும் பூம்புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கிறார்கள். சற்றுத் தூரம் வந்ததுமே கண்ணகி மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காதம் என்று சொல்லிக் கோவலன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பிலுள்ள துக்கம் எத்தனை பாகம் எழுதினாலும் எனக்கு வராது. பிறகு கவுந்தி அடிகள் சேர்ந்துகொள்கிறார். அவரும் ஒரு பட்டியல் தருகிறார். சோலை வழியே போனால் கிழங்கு தோண்டிய குழிகளைச் சருகுப் பூக்கள் மூடியிருக்கும். மஞ்சள் பாத்தியிலே பலாக் கொட்டைகள் பரல்போல் காலில் உறுத்தும். வயல் வழியே போனாலோ, கரும்பிலே கட்டிய தேனடை உடைந்து நீரில் கலந்திருக்கும். தாகத்தில் அறியாமல் குடித்துவிட நேரும். வரப்பின்மேல் நடந்தால் நண்டும் நத்தையும் காலடியில் மிதிபட்டுவிடும். அந்தப் பாவத்தைத் தாங்க முடியாது. சமணத் துறவியின் பயம் இது. பாதை நம் காலுக்கு என்ன செய்யும் என்பது பாதி. நம் கால் பாதைக்கு என்ன செய்யும் என்பது மறு பாதி. மேனாட்டுப் புத்தகங்களில் முதல் பாதிதான் கிடைத்தது எனக்கு.

என் அலமாரியில் இதே இனத்தைச் சேர்ந்த மூன்றாவது புத்தகம் ஒன்று உண்டு. சதீஷ் குமார் எழுதிய 'நோ டெஸ்டினேஷன்'. ராஜஸ்தானத்தில் பிறந்து, ஒன்பது வயதில் சமணத் துறவியாகி, பதினெட்டில் அதைத் துறந்தவர். 1961-ல் பெங்களூரில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, எண்பத்தொன்பது வயது பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அணுகுண்டை எதிர்த்துச் சிறை சென்ற செய்தி கண்ணில் படுகிறது. அடுத்த வருஷமே அவரும் நண்பர் இ.பி. மேனனும் டில்லியில் காந்தியடிகள் சமாதியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என்று புறப்பட்டுவிட்டார்கள். கடலைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் கால்நடை. ஆசி கேட்கப் போனபோது வினோபா சொன்ன யோசனைதான் விசித்திரம்: பணம் எடுத்துப் போகாதே. காசு இருந்தால் ஹோட்டலில் சாப்பிட்டு ஹோட்டலில் தூங்குவாய். மனிதர்களைப் பார்க்கவே மாட்டாய் என்பது அதன் கருத்து. பாகிஸ்தான் எல்லையில் ஒரு சிநேகிதர் கவலையோடு உணவுப் பொட்டலங்களை நீட்டுகிறார். இவை அவநம்பிக்கைப் பொட்டலங்கள் என்று சொல்லி இவர் வாங்க மறுத்துவிடுகிறார். எல்லை தாண்டியதும் முன்பின் தெரியாத ஒரு பாகிஸ்தானியர் இவர்களை விருந்தாளிகளாக அழைத்துப் போகிறார். மூட்டையைக் குறைப்பது எடையைக் குறைப்பதற்கு மட்டுமல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன புத்தகத்தை நான் படித்ததில்லை.

சரி, தமிழில் என்ன இருக்கிறது? நடை இருக்கிறது, வேண்டிய மட்டும் இருக்கிறது. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழநிக்குக் காவடியோடு நடந்துபோய், நடந்தே திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கையிலே யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகவே கதிர்காமம் வரை நடக்கும் பாதயாத்திரை ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். 1983-ல் யுத்தத்தால் அறுந்துபோன அந்த யாத்திரையை 1988-ல் மறுபடி தொடங்கினார்கள். அப்பலாச்சியன் பாதைக்கு இது எந்த விதத்தில் குறைந்தது? ஆனால் நடந்தவர் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர் நடக்கவில்லை. சிட்டியும் ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' அருமையான பிரயாணப் புத்தகம். ஆனால் அதில் நடந்தது காவேரி; ஆசிரியர்கள் பெரும்பாலும் காரில்தான் போனார்கள். தமிழ்க் கிராமத்தார் எருமேலியிலிருந்து காட்டு வழியே சபரிமலைக்கு நடப்பதை, கூடவே நடந்து மிக ஆழமாக எழுதியவர் வேலன்டைன் டேனியல் என்ற மானிடவியலார். முதலில் பாதம், முழங்கால் என்று தனித்தனியாகத் தெரிகிற வலி, பிறகு எது எங்கே வலிக்கிறது என்று தெரியாத ஒரே வலியாகி, கடைசியில் வலியும் போய் அன்பாகிவிடுகிறது என்று அந்த யாத்திரிகர்கள் அவரிடம் சொல்கிறார்கள். 1984-ல் வந்த 'ஃப்ளூயிட் சைன்ஸ்' என்ற அந்த நூல் இங்கிலீஷில் இருக்கிறது. நம் பாதத்தின் வலியை நாம் பிற பாஷையில்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? இல்லை. சில வருஷங்களுக்கு முன் புரட்டாசியில் எங்கள் தெருக்காரர்கள் திருமலைக்கு நடந்தபோது நானும் சேர்ந்துகொண்டேன். புது ஜோடு, டார்ச் லைட், மருந்துப் பெட்டி, குடை, இரண்டு நோட்டுப் புத்தகம், மூன்று பேனா. பாலாற்றைத் தாண்டிக் குடியாத்தம் போய்ச் சேருவதற்குள் இரண்டு குதிகாலும் கொப்புளித்துவிட்டன. கூட வந்த ஒரு பாட்டி - ஜோடு தொழிற்சாலையில் இருபது வருஷம் அட்டை ஒட்டியவள், அன்று வெறுங்கால் - என் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னா தம்பி, புது ஜோட்டப் போட்டுக்கினு யாராச்சும் இம்மாந்தூரம் நடப்பாங்களா? ஜோடும் காலும் இன்னும் பேசிக்கவே இல்லியே."

நான் குடியாத்தத்தில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அது தப்பில்லை, கால் முடியவில்லை. பிறகு செய்ததுதான் தப்பு. அந்த யாத்திரையைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். 'நடந்தோம்', 'ஏறினோம்', 'மலை தெரிந்ததும் கண் கலங்கினோம்' என்று கடைசி வரை 'நாம்' போட்டே எழுதினேன். பஸ் ஏறியதை எழுதவில்லை. பாராட்டிக் கடிதங்கள் வந்தன. பிரைசனின் நேர்மை சாதாரணமல்ல என்று மேலே சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான்.

பாட்டி ஐந்தாறு நாள் கழித்து வீடு தேடி வந்து, ஒரு லட்டுத் துண்டைக் கொடுத்து, "கால் எப்பிடி கீது தம்பி?" என்று கேட்டாள். நான் வெட்கத்தை மறைக்க, "உங்கள் மூட்டையில் அப்படி என்னதான் எடுத்துப் போனீர்கள்?" என்றேன். விரல் விட்டுச் சொன்னாள். மாற்றுப் புடைவை ஒன்று. சீப்பு. தேங்காயெண்ணெய். மீதியெல்லாம் மஞ்சள் துணியில் தனித்தனியாக முடிந்த காசுகள். தெருவில் நடக்க முடியாதவர்கள், படுத்துக் கிடக்கிறவர்கள், தொழிற்சாலையில் லீவு கிடைக்காத பெண்கள் உண்டியலில் போடச் சொல்லிக் கொடுத்தவை. எது யாருடையது என்று முடிச்சைப் பார்த்தே தெரியுமாம் அவளுக்கு. அவள் சுமையில் பெரும்பங்கு பிறருடையது. என் சுமையில் எல்லாமே என்னுடையது.

மருமகனுக்கு நேற்றுத்தான் பதில் எழுதினேன். "பட்டியலில் எதுவும் விட்டுப்போகவில்லை. ஜோட்டை மட்டும் இன்றைக்கே போட்டு நடந்து பழக்கு. போகிற வழியில் யார் சோறு போட்டாலும் வாங்கிச் சாப்பிடு. உன் நண்பர்களில் வர முடியாதவர்கள் யாராவது ஏதாவது கொடுத்தனுப்பினால், எடை பார்க்காமல் எடுத்துப் போ. திரும்பி வந்து புத்தகம் எழுதுவதானால் தமிழில் எழுது. நடுவில் எங்கேயாவது பஸ் ஏறியிருந்தால் அந்த ஊர்ப் பெயரையும் எழுதிவிடு. என்னுடையது குடியாத்தம்."