பின் அச்சின் இலக்கணம்: பழைய கார்களின் அளவு மரபுகள்

அலைன்மென்ட் என்றதும் எல்லோர் கண்ணும் முன்சக்கரத்துக்குப் போகிறது. ஆனால் வண்டி எந்தத் திசையில் தள்ளப்பட வேண்டும் என்று தீர்மானிப்பவை பின்சக்கரங்கள்தான். அவை சற்றே வலப்பக்கம் பார்த்தால், நேர்சாலையிலும் ஸ்டீயரிங்கைத் திருப்பியே பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும். முன்னால் எத்தனை முறை சரிசெய்தாலும் அந்தக் கோளாறு போகாது. ஆகவே பழைய காரில் அளவைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். கோணத்தில் கைவைக்கும் முன் வண்டி நிற்கும் உயரத்தை அளக்க வேண்டும். பட்டறைக்குப் பட்டறை மரபு வேறானாலும், நல்ல கைகள் எல்லாம் ஒத்துக்கொள்ளும் விதி இது.

நம் ஊரில் வேரூன்றியது நூலும் தூக்குக்குண்டும் கொண்ட மரபு. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் பின்னால் இருப்பது ஒரே முழு அச்சு. இருபுறமும் நீளவாக்கில் பட்டை ஸ்பிரிங். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்), கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) திருத்த அங்கே வசதி கிடையாது என்பதால் பலர் அளக்காமலே விட்டுவிடுகிறார்கள். இது பெரிய பிழை. அச்சை அதன் இடத்தில் நிறுத்துவது பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை. அச்சைப் பட்டையோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் அறுந்தால் அச்சு ஒருபக்கம் நழுவும். சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர் உள்ள வண்டியில் ஒரு சக்கரம் 5 மி.மீ. நழுவினாலே அச்சு ஏறத்தாழ 13 நிமிடம், அதாவது கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் கோணிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் தேவையில்லை. மட்டமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, அடித்தளத்தில் இடமும் வலமும் ஒத்திருக்கும் இரண்டு துளைகளிலிருந்தும், அச்சின் இரு முனைகளிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கிச் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். வண்டியை நகர்த்திவிட்டு மூலைக்கு மூலை டேப் பிடிக்க வேண்டும். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலைமட்டம் பார்க்கும் அதே கணக்குத்தான். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துவராவிட்டால், ஒன்று அச்சு நழுவியிருக்கிறது, இல்லையேல் வண்டி எப்போதோ அடிபட்டிருக்கிறது.

அடுத்தது ஸ்விங் ஆக்ஸில் மரபு. சென்னைக்கு இதில் சொந்தம் உண்டு. 1959-இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரித்தார்கள். குறுக்குவாக்கில் ஒரே பட்டை ஸ்பிரிங், இருபுறமும் ஊசல்போல் ஏறி இறங்கும் அரை அச்சுகள். இந்த அமைப்பில் கேம்பரும் உயரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பட்டை தளர்ந்து வண்டி அமர்ந்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். புதுப்பட்டை போட்டு வண்டி உயர்ந்தால் மேல்பக்கம் வெளியே சாயும். கேம்பர் தவறு என்று வரும் ஹெரால்டுக்கு வைத்தியம் பெரும்பாலும் பட்டையில்தான். டோ மட்டும் தனி. ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டுக்கு அடியில் உள்ள ஷிம் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ அதைத் திருத்தலாம்.

ஹெரால்டை ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளப்பவரை நம்பாதீர்கள். சக்கரங்களின் அடிப்பக்கம் உள்ளே மடங்கியபடி தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை அமுக்கி விட்ட பிறகே அது தன் உயரத்துக்கு வரும். கையேட்டில் உள்ள அளவு வெறும் வண்டிக்கா, ஆள் ஏறிய வண்டிக்கா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் அடுத்த காரான கெஸல் பின்னால் முழு அச்சுக்கே திரும்பிவிட்டது.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் டார்ஷன் பார் (முறுக்கத்தாலேயே ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) எனக்கு மிகவும் பிடித்த பொறியியல். பாரின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி; வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கம் நகர்த்தினால் 8 டிகிரி 11 நிமிடம். மிஞ்சுவது ஏறத்தாழ 50 நிமிடம். எந்தத் திருகும் இல்லாமல், பல் எண்ணிக்கையின் வித்தியாசத்தை வைத்தே ஒரு டிகிரிக்குள் உயரத்தைத் திருத்த முடிகிறது. பாரின் வெளிமுனையில் மாட்டிய ஸ்பிரிங் பிளேட்டின் கோணத்தைத் தரையை வைத்து அளக்கக் கூடாது. வண்டியின் உடலை வைத்து அளக்க வேண்டும். கழற்றுமுன் அச்சுக்குழாயும் பிளேட்டும் சேரும் இடத்தில் உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளாதவர், டோவைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.

ஜாகுவார் 1961-இல் ஈ-டைப்பில் கொண்டுவந்த தனிப் பின் சஸ்பென்ஷனோ கேம்பரை ஷிம்மில் வைத்தது. அரை அச்சுக்கும் பிரேக் டிஸ்க்குக்கும் இடையில் 0.020 அங்குல ஷிம் ஒன்றைக் கூட்டினால் கேம்பர் சுமார் கால் டிகிரி மாறும். அளக்கும்போது உயரம் மாறாதிருக்க ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் ஒரு இணைப்புக் கம்பியைப் பூட்டிக்கொள்ளச் சொல்கிறது கம்பெனிக் கையேடு. இங்கும் உயரந்தான் முதலில்.

கம்ப்யூட்டர் அலைன்மென்ட் மரபை நான் குறை சொல்லவில்லை. நான்கு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் படித்து, பின் அச்சு எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று சொல்வதில் அதற்கு இணையில்லை. ஆனால் உயரத்தை அளக்காமல், டயர் காற்றைக்கூடப் பார்க்காமல் எடுத்த பிரின்ட் அவுட்டை நான் ஏற்பதில்லை. மீன்பிடி நரம்பை வண்டியின் மையக் கோட்டுக்கு இணையாக இழுத்துக் கட்டி, ரிம்மின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் ஸ்கேல் வைத்துப் பார்க்கும் பொறுமைசாலியை அதைவிட நம்புவேன். 13 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் ஏறத்தாழ 10 நிமிடம். ரிம் கோணியிருந்தால் அளவு ஏமாற்றும். ஆகவே சக்கரத்தை அரைச்சுற்றுச் சுற்றி மறுபடி அளந்து சராசரி எடுப்பது கட்டாயம்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியின் பின்பக்க உயரம் இரண்டையும், மூலைவிட்டம் இரண்டையும், எந்தச் சுமையில் அளந்தீர்கள் என்பதையும் தேதியிட்டு வண்டி நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்து அந்த வண்டியில் கைவைக்கும் மெக்கானிக்கிடம் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.